மண்டப வாசலில் இரண்டு அரேகா தொட்டிகள்

செடியை நம்பாதே என்று நான் சொன்னால் எல்லோருக்கும் சிரிப்பு வருகிறது. நர்சரியில் இப்போது என் வேலையைப் பார்க்கும் வினோதினிக்கும் வந்தது. போன மாதம் வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். லாரியில் புதிதாக வந்து இறங்கிய செடி. பளபளவென்று இலை, தொட்டியின் வயிற்றில் ஒரு ஸ்டிக்கர். வீட்டுக்குள்ளும் வைக்கலாம், வெளியிலும் வைக்கலாம் என்று அதில் இங்கிலீஷில் போட்டிருக்கிறதாம். "எடுத்துடலாமாக்கா?" என்று கேட்டிருந்தாள். ஸ்டிக்கர் ஒட்டினவன் அந்தச் செடியோடு எத்தனை நாள் குடித்தனம் பண்ணினான் என்று முதலில் கேள் என்று பதில் போட்டேன்.

அவள் விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்துவிட்டாள். "வேலையில இருந்து ரிட்டையர் ஆயிட்டீங்க. சந்தேகத்துல இருந்து எப்பக்கா ஆவீங்க?" என்றாள். அவள் வாங்கிவந்த ஆப்பிளைத்தான் அப்போது நான் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன், மெழுகு பூசியிருக்கிறார்களோ என்று. "உள்ளயும் வெளியயும் ஆகற செடிய எப்படிப் பொறுக்கறதுன்னு சொல்லிக் குடுங்க. கஸ்டமருங்க எல்லாரும் இதையேதான் கேக்கறாங்க. பால்கனிக்கும் ஹாலுக்கும் ஒரே செடி வேணுமாம்." நான் சொன்னதையெல்லாம் செல்போனில் பதிந்துகொண்டு போனாள். பாதியை வெட்டிவிட்டு யாருக்காவது போட்டுக் காட்டுவாளோ என்று இருக்கிறது. அதனால் முழுசாக நானே எழுதி வைத்துவிடுகிறேன்.

நல்லம்பள்ளி பக்கம் இருக்கும் எங்கள் நர்சரி, செடி விற்றுப் பிழைத்ததைவிட வாடகைக்கு விட்டுப் பிழைத்ததுதான் அதிகம். பேங்க், ஆஸ்பத்திரி, துணிக்கடை, கல்யாண மண்டபம் என்று தர்மபுரியில் வாசலில் தொட்டி வைக்க ஆசைப்பட்ட இடங்களுக்கெல்லாம் எங்கள் டெம்போ போகும். வாடகைச் செடிக்கு இரண்டு வாழ்க்கை. கொஞ்ச நாள் ஏசி அறையில் டியூப் லைட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கும். சோர்ந்து போவதற்கு முன் எடுத்துவந்து நிழல்வலைக்குக் கீழே போட்டு உடம்பைத் தேற்றுவோம். பிறகு மறுபடி அனுப்புவோம். பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் போய்வருகிற பெண் மாதிரிதான். இரண்டு இடமும் ஒத்துக்கொள்ளாத செடி எங்களுக்கு ஆகாது.

என் வீட்டுக்காரர் லாரியில் அடிபட்டு இறந்த வருஷம் நான் அங்கே களை பிடுங்கச் சேர்ந்தேன். பிறகு பையில் மண் நிரப்பினேன், பதியன் போட்டேன், மருந்தடித்தேன். அதையெல்லாம் விரித்து எழுத ஒன்றுமில்லை. முதுகு வலித்தது, அவ்வளவுதான். செடி பொறுக்கும் வேலைக்கு என்னை இழுத்துவிட்டவர் சூப்பர்வைசர் பசவராஜ்.

அவர் எல்லைப் பக்கத்துக் கன்னடக்காரர். வெள்ளைச் சட்டைதான் போடுவார். நாளெல்லாம் மண்ணில் நின்றாலும் அது அழுக்காகாது. எப்படி என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. மனிதர்களைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகப் பேசமாட்டார். செடியைப் பற்றி ஒரு வார்த்தை நல்லதாகப் பேசமாட்டார்.

"நோடும்மா, செடி பொய் சொல்லாதும்பாங்க. சும்மா சொல்றது. செடி நல்லா சுள்ளு சொல்லும். எடம் மாத்தினா முதல் மாசம் சிரிச்சிக்கிட்டே நிக்கும். பழைய எடத்துல தின்னது வயித்துல இருக்கில்ல? அது தீந்தப்புறம்தான் நெசத்தப் பேசும்." சுள்ளு என்றால் அவர் பாஷையில் பொய், நோடு என்றால் பார்.

செடி லாரி வந்தால் அவர் நடந்துகொள்ளும் விதத்தைப் பார்க்க வேண்டும். லாரிக்காரன் முன்வரிசைச் செடியைத் தூக்கிக் காட்டி அளந்துகொண்டிருப்பான். இவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு "சாகு, சாகு" என்பார், போதும் போதும் என்று. பிறகு மேலே ஏறி, யாரும் எடுத்துக் காட்டாத நடுவரிசையிலிருந்து ஒரு தொட்டியை உருவுவார். முதலில் ஈரத்துணியால் ஒரு இலையைத் துடைப்பார். பளபளப்பு துணியோடு வந்துவிட்டால் அது எண்ணெய்ப் பூச்சு. அடுத்து இலையைத் திருப்பி அடிப்புறம் பார்ப்பார், மாவுப்பூச்சி, செம்பேன் எல்லாம் அங்கேதான் குடியிருக்கும். பிறகு தண்டில் கணுவுக்குக் கணு இருக்கும் இடைவெளியை விரலால் அளப்பார். நீண்டு நீண்டு இருந்தால் இருட்டில் வளர்த்தது, வெளியே வைத்தால் ஒரே நாளில் வெந்துபோகும். குட்டையாக, இலை தடித்து, நிறம் வெளுத்திருந்தால் நேர் வெயிலில் வளர்த்தது, உள்ளே வைத்தால் இலையைக் கொட்டிவிடும். இரண்டுக்கும் நடுவில் இருப்பதைத்தான் கீழே இறக்கச் சொல்வார்.

கடைசிப் பரீட்சை கவிழ்ப்பு. இடது உள்ளங்கையை மண்மேல் விரித்து, தண்டு விரலிடுக்கில் வரும்படி பிடித்து, தொட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து விளிம்பில் ஒரு தட்டு. மண்ணும் வேரும் அச்சு மாதிரி கழன்று கையில் நிற்கும். வெள்ளை வேராக இருக்க வேண்டும். காப்பிப் பொடி நிறமாக இருந்தால் அழுகல். மூக்கருகே கொண்டுபோய் முகர்வார். புளித்த மாவு வாசம் அடித்தால் திரும்ப லாரியில் ஏற்றிவிடுவார். "மேல சிரிக்கும், கீழ அழும். கீழ நோடு" என்பார்.

இத்தனையும் தாண்டி வந்த செடியையும் அவர் நம்பவில்லை. பழைய மோட்டார் ரூம் ஒன்று இருந்தது, வடக்கே மட்டும் ஒரு ஜன்னல். புதுச் செடி முதலில் அதற்குள் போகும். எங்களோடு வேலை செய்த பெண்கள் அதற்கு வைத்த பெயர் மாமியார் வூடு. வெளிச்சம் குறைவு, தண்ணீர் பாதி. அங்கே சில வாரம் இருந்துவிட்டு ஜன்னலோரம், பிறகு தாழ்வாரம், பிறகு நிழல்வலை என்று படிப்படியாக வெளியே வரும். உள்ளே இருந்ததைச் சட்டென்று வெயிலில் வைத்தால் இலையில் வெள்ளை வெள்ளையாகச் சூடுபட்ட தழும்பு விழுந்துவிடும். ஃபைகஸ் மாமியார் வூட்டுக்குள் போன வாரமே கோபித்துக்கொண்டு இலையெல்லாம் உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கும். குரோட்டன் நிறம் செத்துப் பச்சையாகிவிடும். அழாமல் வெளியே வந்தது பாம்பு மாதிரி கோடு போட்ட ஸ்னேக் பிளான்ட், மணி பிளான்ட், ரப்பர் செடி, பிறகு அரேகா. அரேகா என்றால் கமுகு ஜாதியில் ஒரு சின்னப் பனை, புதர் மாதிரி அடர்ந்து மயில் தோகையாக விரியும். மண்டபத்துக்காரர்களுக்கு அது இல்லாமல் வாசலே கிடையாது. அதற்கு ஒரே ஒரு குணம், தண்ணீரில் உப்பு ஒத்துக்காது.

எல்லாம் அந்த அரேகாவால் வந்த வினைதான்.

தர்மபுரியிலிருந்து பென்னாகரம் போகிற ரோட்டில் எங்கள் தொட்டிகள் நிற்கும் ஒரு மண்டபம் இருந்தது. வாசலில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பெரிய அரேகா, உள்ளே மேடையோரம் வேறு சில. மாதத்துக்கு ஒருமுறை உள்ளதும் வெளியதும் இடம் மாறும். வருஷக்கணக்காக ஒரு குறையும் இல்லை. ரோட்டை அகலப்படுத்தினார்கள், மண்டபத்தின் முன்னால் இருந்த மண்தரை போயிற்று. மிச்சம் இருந்த இடத்திலும் ரோட்டு விளிம்புவரை டைல்ஸ் ஒட்டி வழவழவென்று ஆக்கிவிட்டார்கள். அந்தத் தை மாதத்திலிருந்து வாசல் அரேகாவுக்குக் கேடு பிடித்தது. குருத்து வெளுத்து மஞ்சளாக வந்தது. இலை நுனி கருகியது. மண்ணின் மேல் வெள்ளையாக ஏதோ பூத்தது. மாற்றி வைத்தோம், அதுவும் போயிற்று. மறுபடி மாற்றினோம்.

எங்கள் ஊர் போர் தண்ணீர் பல்லையே கறையாக்கும், செடி எம்மாத்திரம் என்று முதலில் தண்ணீரைச் சந்தேகப்பட்டேன். ஆனால் மேடையோரம் நின்ற அரேகாவுக்கும் அதே தண்ணீர்தான், அது பச்சைப்பசேலென்று நின்றது. வெயிலோ என்று பார்த்தால் வாசலுக்கு மேலே நல்ல போர்டிகோ. மிச்சம் இருந்தது மனிதர்கள்.

மண்டபத்தைக் காவல் காத்து, கூட்டித் துடைத்து, தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றுவது சென்றாயன் அண்ணன். ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் ஒரே அறையில் அவரும் சம்சாரம் மாதம்மாவும் மகள் கலைச்செல்வியும் இருந்தார்கள். அந்தப் பெண் அப்போது ப்ளஸ் டூ. ராத்திரி விசேஷம் என்றால் பாட்டுச் சத்தத்துக்கு நடுவில் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு படித்துக்கொண்டிருக்கும்.

மண்டப மேனேஜர் முருகேசன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "எல்லாம் நம்ம சென்றாயன் வேலைதாம்மா. பிளீச்சிங் பவுடர் போட்டு தரையத் தொடைக்கறான். அந்தத் தண்ணிய எடுத்துட்டுப் பின்னால போக ஒடம்பு வணங்காம தொட்டியில ஊத்திடறான்."

மண்ணில் பூத்த வெள்ளைக்கு அது பொருந்தித்தான் வந்தது. எனக்கும் அவர்மேல் சந்தேகம் இருந்தது. இருந்தாலும் நான் வாயைத் திறக்கவில்லை, ஏனென்றால் முருகேசன்மேலும் எனக்குச் சந்தேகம். அவருடைய மச்சான் ஒருவன் வேலையில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது ஊருக்கே தெரியும்.

சென்றாயன் அண்ணனிடமே கேட்டேன். "தொட்டியில என்னத்தண்ணா ஊத்தறீங்க?"

"தண்ணியத் தவுர வேற ஒண்ணும் ஊத்தலீங்கம்மா. எம்மவ மேல சத்தியமுங்க." மகள்மேல் சத்தியம் செய்கிறவரை நான் அவ்வளவு சீக்கிரம் நம்பமாட்டேன்.

ஆடி வந்தது. ஆடியில் ஏது கல்யாணம்? மண்டபம் சும்மா கிடக்கும், சென்றாயன் மட்டும் ஒகேனக்கல் பக்கம் இருந்த சொந்த ஊருக்குப் போய்விடுவார், பெண்ணின் ஸ்கூலுக்காக மாதம்மாவும் மகளும் அறையிலேயே இருப்பார்கள். அந்த வருஷம் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்ற முருகேசனின் மச்சான் வந்தான். ஆடி கடைசியில் போய்ப் பார்க்கிறேன், வெளுத்து நின்ற அரேகாவில் புதுக் குருத்து பச்சையாக எட்டிப் பார்க்கிறது. முருகேசன் அதை எனக்குக் காட்டியபோது முகத்தில் அப்படி ஒரு திருப்தி. "பாத்தியாம்மா? அவன் இல்ல, செடி பொழைச்சிக்கிச்சி. இதுக்கு மேல என்ன வேணும்? ஆவணியோட அவனக் காலி பண்ணச் சொல்லி முதலாளிகிட்டப் பேசிட்டேன்."

வேலை மட்டும் என்றால் வேறு எங்காவது பார்த்துக்கொள்ளலாம். அந்த ஒற்றை அறையும் போகும், பெண்ணின் படிப்பும் நடுவில் நிற்கும். அன்றைக்கு மாதம்மா என்னைப் பார்த்த பார்வை சரியாக இல்லை. நான்தான் கோள் மூட்டினேன் என்று அவள் சந்தேகப்பட்டாள். அதில் தப்புச் சொல்ல முடியாது, அவள் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன்.

பசவராஜிடம் போய்ச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு வழக்கம்போல ஒரு மனிதரையும் குறை சொல்லவில்லை. "ஆடியில சென்றாயன் மட்டும்தான் இல்லியா? வேற என்னென்ன இல்ல? அதையும் நோடு கோவிந்தம்மா" என்றார்.

ஆடியில் கல்யாணம் இல்லை. கல்யாணத்தோடு வருகிற சமையல்காரர்கள் இல்லை, மேளக்காரர்கள் இல்லை, பந்தல்காரர்கள் இல்லை, ஊர் ஜனம் இல்லை. இப்படிப் பார்த்தால் ஒருத்தர் அல்ல, ஒரு ஊரே சந்தேகத்துக்குரியது. எனக்கு உற்சாகமாகிவிட்டது.

ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு விடியும்போதே போய் நின்றேன். வழக்கமாக நான் போவது கல்யாணம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகுதான். சென்றாயன் தரை துடைத்த தண்ணீரைக் கண்ணால் பின்தொடர்ந்தேன். ஒவ்வொரு வாளியையும் பின்கட்டுச் சாக்கடைக்குத்தான் தூக்கிக்கொண்டு போனார். சமையல்காரர்கள் கஞ்சியை வடித்து வெளியே கொட்டுகிறார்களா என்று பார்த்தேன், இல்லை. மேளக்காரர் ஒருவர் தொட்டியில் வெற்றிலை எச்சில் துப்பப் போனார், ஒரு முறை முறைத்தேன், விழுங்கிவிட்டார். அதற்காக அரேகா சாகாது.

அப்போது மாப்பிள்ளை கார் வந்து நின்றது. "ஆரத்தி எடுங்க, ஆரத்தி எடுங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. என் கால் தானாகத் திரும்பி சமையல்கட்டுப் பக்கம் நடந்தது.

இதை விளக்கிச் சொல்ல வேண்டும். வீட்டுக்காரர் போன நாளிலிருந்து ஆரத்தி என்ற சத்தம் கேட்டால் நான் அந்த இடத்தில் நிற்பதில்லை. யாரும் போ என்று சொல்ல வேண்டியதில்லை. முதலில் சொன்னார்கள், பிறகு காலே கற்றுக்கொண்டது. நல்ல காரியத்தில் நம் முகம் எதிரே வந்து எதற்கு வம்பு என்று ஒதுங்கிவிடுவேன். அதில் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் பொய். இருந்தது, மென்று விழுங்கினேன்.

சமையல்கட்டு வாசல் வரை போன பிறகுதான் உறைத்தது. எத்தனையோ முறை இந்த மண்டபத்துக்கு வந்திருக்கிறேன். எல்லாரையும் எல்லாவற்றையும் பார்த்தேன். இந்த ஒரு நேரத்தை மட்டும் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. திரும்பி வந்து இடதுபக்க அரேகாவுக்கு அருகில் நின்றுகொண்டேன்.

மாம்பழக் கலர் பட்டுப்புடவை கட்டிய அம்மா ஒருத்தி என் நெற்றியைப் பார்த்தாள். "ஏம்மா, கொஞ்சம் உள்ள போயேன். மாப்ள எறங்கற நேரம்."

"நான் செடிக்காரிங்க. செடிகிட்டதான் நிக்கணும்னு உத்தரவு" என்றேன். அப்படி யாரும் உத்தரவு போடவில்லை.

இரண்டு பெண்கள் தட்டைப் பிடித்துச் சுற்றினார்கள். சிவந்த தண்ணீரைத் தொட்டு மாப்பிள்ளை நெற்றியில் பொட்டு வைத்தார்கள். கூட்டம் உள்ளே போயிற்று. அந்த இரண்டு பேரும் தட்டோடு வாசலில் நின்று அங்கும் இங்கும் பார்த்தார்கள். ஆரத்தித் தண்ணீரைக் கால் படாத இடத்தில் கொட்ட வேண்டும். முன்பென்றால் வாசல் மண்ணில் ஓரமாகக் கொட்டிவிட்டுப் போவார்கள். இப்போது எங்கு பார்த்தாலும் டைல்ஸ், அதைத் தாண்டினால் பஸ்ஸும் லாரியும் பறக்கிற ரோடு. அந்த வட்டாரத்தில் மண் என்று கண்ணுக்குத் தெரிந்தது என் தொட்டி மண் ஒன்றுதான். பக்தியாக, ஒரு சொட்டு வெளியே சிந்தாமல், வலதுபக்க அரேகாவின் வேரில் ஊற்றிவிட்டுப் போனார்கள்.

போய் விரலை விட்டு எடுத்து முகர்ந்தேன். மஞ்சள் வாசம், அதன் அடியில் காரமாகச் சுண்ணாம்பு வாசம். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால்தானே ஆரத்தி சிவக்கும். மஞ்சள் செடியை ஒன்றும் செய்யாது. சுண்ணாம்பு மண்ணில் தங்கிவிடும். ஒரு தட்டுக்குப் பாதகமில்லை. மாப்பிள்ளை வரும்போது, பெண் வரும்போது, தாலி கட்டியபின், கிளம்பும்போது என்று ஒரு கல்யாணத்துக்கே எத்தனை தட்டு. முகூர்த்த மாதம் முழுக்க இப்படி விழுந்தால் வேர் எதைத் தின்று வாழும்? எங்கள் தொட்டி மண் செம்மண், அதில் சிவப்புத் தண்ணீர் விழுந்தது கண்ணுக்குத் தெரியவே தெரியாது. சென்றாயன் தினமும் இதைப் பார்த்திருப்பார். செடிக்கு என்ன ஊற்றுகிறாய் என்று கேட்டால் ஆரத்தியைச் சொல்ல அவருக்கு எப்படித் தோன்றும்? அது மங்களத் தண்ணீர், செடிக்கும் நல்லது என்றே நினைத்திருப்பார்.

முருகேசனிடம் சொன்னேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "நல்ல காரியத்துல எடுக்கற ஆரத்திய வெசம்ங்கிறியா? அதும் நீ வந்து சொல்றியா?"

அந்த 'நீ' எனக்குச் சுருக்கென்று தைத்தது. நேரே நர்சரிக்குப் போய்ப் பசவராஜிடம் சொன்னேன். மறுநாள் பசவராஜ் அந்த வெள்ளைச் சட்டையோடு நேரில் வந்து, மண்டபத்து முதலாளியையும் வைத்துக்கொண்டு பேசினார். "ஆவணி முடியற வரைக்கும் பொறுங்க சார். வாசல்ல புதுசா ரெண்டு அரேகா வெக்கறேன், ஒரே வயசு. சென்றாயன் எப்பவும்போல கழுவட்டும், ரெண்டுக்கும் தண்ணி ஊத்தட்டும். வலது பக்கத் தொட்டியில யார் வேணா எது வேணா கொட்டட்டும். இடது பக்கத் தொட்டியில மட்டும் ஆரத்தி விழாம கோவிந்தம்மா பாத்துக்கும். அப்புறம் நோடலாம்."

அந்த ஆவணி முழுக்க, முகூர்த்தத்துக்கு முகூர்த்தம், வாசலில் நின்றேன். ஜன்மத்துக்கும் அவ்வளவு பேச்சு வாங்கியதில்லை. "நல்ல காரியத்துக்கு எதுக்கால இப்படி நிக்கறாளே" என்று காதுபடவே சொன்னார்கள். இடதுபக்கம் தட்டோடு வருகிறவர்களிடம் "இதுல வேணாங்க, அந்தத் தொட்டியில ஊத்துங்க" என்பேன். சிலர் முறைத்துக்கொண்டு போனார்கள். ஒரு பெண், கைக்குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருக்க, என் முகத்தைக்கூடப் பார்க்காமல் தட்டை என் கையில் திணித்தாள். "நீங்களே கொட்டிடுங்கக்கா" என்று சொல்லிவிட்டு ஓடினாள். தட்டு என் கையில் இருந்தது. பிறகு வலதுபக்கத் தொட்டியில் ஊற்றினேன்.

இத்தனைக்கும் நடுவில் என்னை அரித்தது வேறு சந்தேகம். செடி முதல் மாதம் பொய் சொல்லும். ஆவணி கடைசி நாள் வந்தது. இரண்டு அரேகாவும் வாசலில் ஒன்றுபோல, சிரித்துக்கொண்டு நின்றன. வலதுபக்கத்தில் ஒரு நுனிகூடக் கருகவில்லை.

முதலாளி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முருகேசன் இரண்டு செடியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "பாத்தீங்களா, ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு" என்றார். சென்றாயன் தூணோரம் நின்றார். மாதம்மா அறைக்கு வெளியே பாத்திரங்களைச் சாக்கில் கட்டத் தொடங்கியிருந்தாள். பெண் ஸ்கூல் பையை மார்போடு அணைத்துக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. என்னால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை.

பசவராஜ் அவசரப்படவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு இரண்டு தொட்டியையும் ஒருமுறை சுற்றி வந்தார். "மேல சிரிக்குது சார். கீழ நோடலாம்" என்றார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார். பெரிய தொட்டி, ஒரு ஆளால் ஆகாது. அவரும் நானுமாக இடதுபக்கத்தைச் சாய்த்து, தண்டு விரலிடுக்கில் வரப் பிடித்து, கவிழ்த்துத் தட்டினோம். வெள்ளை வேர், மண்ணைச் சுற்றி நூல் பின்னிய மாதிரி. அடுத்து வலதுபக்கம். கழன்று வந்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது, கனம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மேல்மண்ணில் வெள்ளைப் பொருக்கு. அதன் கீழே வேர் முழுக்கக் காப்பிப் பொடி நிறம், நுனிகள் தேய்ந்து, தொட்டால் தோல் உரிந்து வந்தது.

முதலாளி எழுந்து வந்து குனிந்து பார்த்தார். அவரே இரண்டு வேரையும் விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு சென்றாயனைப் பார்த்து, "போய் வேலையப் பாருய்யா" என்றார். அவ்வளவுதான். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை எவர் வாயிலிருந்தும் வரவில்லை. மாதம்மா சாக்கின் முடிச்சை அவிழ்த்தாள்.

இனி ஆரத்தியை எங்கே கொட்டுவது என்று பேச்சு வந்தது. போர்டு எழுதி வைக்கலாம் என்றார் முருகேசன். எந்தப் பெண் தட்டோடு நின்று போர்டு படிப்பாள்? வாளி வைத்தாலும் ஊற்றமாட்டார்கள், அவர்களுக்கு மண் வேண்டும், மண்ணில் ஒரு செடியும் வேண்டும். கடைசியில் வாசலுக்குப் பக்கவாட்டில் டைல்ஸைப் பெயர்த்து, தரையிலேயே ஒரு அரளி நட்டோம். அரளிக்குச் சுண்ணாம்பு, வெயில், புகை எதுவும் உறைக்காது. அரேகா இரண்டும் உள்ளே மேடைக்குப் போயின. வாசலுக்கு ஸ்னேக் பிளான்ட் வந்தது.

அதற்குப் பிறகு ஒரு இடத்துக்குச் செடி பொறுக்குமுன் அந்த இடத்தில் அரை நாள் சும்மா உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். வினோதினிக்கும் அதைத்தான் சொன்னேன். ஆபீஸ் என்றால் மிச்ச டீயைத் தொட்டியில் ஊற்றுவார்கள், சர்க்கரைக்கு எறும்பு வரும். ஆஸ்பத்திரி என்றால் கை கழுவும் மருந்தை அங்கேயே உதறுவார்கள். வீடு என்றால் அரிசி கழுவிய தண்ணீர், அது பரவாயில்லை. வெயிலும் நிழலும் தாங்குகிறதா என்பதை மாமியார் வூட்டில் பார்த்துக்கொள்ளலாம். அங்கே இருக்கிற மனிதர்களைத் தாங்குமா என்று நேரில் போய்த்தான் பார்க்க வேண்டும். ஸ்டிக்கரில் அது இருக்காது.

நான் வேலையை விடுவதற்கு முந்தின வருஷம் மாதம்மா பத்திரிகையோடு வீட்டுக்கு வந்தாள். கலைச்செல்விக்குக் கல்யாணம், நர்ஸ் வேலைக்குப் போகிற பெண். அதே மண்டபத்தில்தான், முதலாளி வாடகை வேண்டாம் என்றாராம். எதற்கு வேண்டாம் என்றார் என்று யோசித்துக்கொண்டே வெற்றிலை பாக்கை எடுத்துக்கொண்டேன்.

"அக்கா, ஆரத்தி எடுக்க ரெண்டு பேர் வேணும். ஒரு பக்கம் மாப்ள வூட்டு அத்த. இன்னொரு பக்கம் நீங்க" என்றாள்.

"ஏன், வேற ஆளே கெடைக்கலியா?"

"மண்டபம் பூரா ஆளுதான் இருக்கும்."

"உங்க வூட்டுக்காரரக் கேட்டியா? சம்பந்தி வூட்ல கேட்டியா?"

"கேக்கல. கேட்டா வேணாம்பாங்க. அதான் கேக்கல."

கடன் தீர்க்கிறாளா, பாவம் பார்க்கிறாளா என்று எனக்கு அன்று முழுக்க ஓடிக்கொண்டே இருந்தது. போகாமல் இருந்துவிடலாமா என்றும் நினைத்தேன். ஆனால் கல்யாணத்துக்கு முந்தின நாளே புடவையை எடுத்து இஸ்திரிக்குக் கொடுத்துவிட்டேன்.

மாப்பிள்ளையும் பெண்ணும் வந்த கார் வாசலில் நின்றது. "ஆரத்தி எடுங்க" என்று குரல் வந்தது. கால் திரும்பப் பார்த்தது, மாதம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். மாப்பிள்ளையின் அத்தை என் நெற்றியைப் பார்த்தாள், மாதம்மாவின் முகத்தைப் பார்த்தாள், பிறகு தட்டின் தன் பக்கத்தைப் பிடித்தாள். நான் என் பக்கத்தைப் பிடித்தேன். மூன்று சுற்று. தண்ணீர் தளும்பியது, கீழே விழவில்லை. நாங்கள் பொட்டு வைத்தபோது கலைச்செல்வி என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள்.

தட்டை நானே எடுத்துக்கொண்டு போய் அரளி வேரில் ஊற்றினேன். திரும்பும்போது வாசல் தொட்டியைத் தாண்டிவர முடியவில்லை, குனிந்து மண்ணில் விரலை விட்டு முகர்ந்தேன். பின்னாலேயே வந்த மாதம்மா, "இன்னிக்குமாக்கா?" என்றாள்.

நிமிர்ந்தேன். என் கண் ஈரமாக இருந்ததை அவள் பார்த்துவிட்டாள். கையிலிருந்த சுண்ணாம்பு கண்ணில் பட்டுவிட்டது என்று சொன்னேன். அவள் நம்பவில்லை.